லா ஷோ-து-ஃபோனில் வெள்ளையடித்த படிக்கட்டு

திங்கட்கிழமை காலை ஆறு மணி ஐம்பது நிமிடத்துக்குப் புகையிரதம் லுசேர்ண் நிலையத்தை விட்டுப் புறப்பட்டது. 1987ஆம் ஆண்டு, பங்குனி மாதம். தீயில் அழிந்த பழைய நிலையத்தின் இடத்தில் புதியது எழும்பிக்கொண்டிருந்த காலமாதலால், பிரயாணிகள் பலகைத் தடுப்புகளுக்கும் சாரங்களுக்கும் இடையே புகுந்துதான் மேடைக்குச் செல்லவேண்டும். மற்றொரு நாளாயிருந்தால் அந்தச் சாரம் கட்டிய முறையை நின்று பார்த்திருப்பேன். அன்று நிற்கவில்லை.

என் பையில் ஓர் அளவுகோல், ட்ரேசிங் தாள் ஒரு சுருள், பென்சில்கள், ஹொட்டேல் சமையலறையில் கேட்டு வாங்கிய பன்னிரண்டு ஸ்பொஞ்ச், ஒரு லீற்றர் வினாகிரிப் போத்தல், மதியத்துக்குப் பாணும் சம்பலும் இருந்தன. போகவர ரிக்கற் ஐம்பத்தெட்டு பிராங். செல்லவேண்டிய தூரம் ஏறக்குறைய நூற்றறுபது கிலோமீற்றர். செல்லும் ஊர் லா ஷோ-து-ஃபோன். இந்நாட்டின் மேற்குக் கோடியில், பிரான்ஸ் எல்லையை அண்டிய மலைமேல், பிரெஞ்சு மொழி பேசும் மக்கள் கடிகாரம் செய்து வாழும் நகரம்.

என்னைப் பற்றி இவ்விடத்தில் இரண்டு வரி எழுதுவது அவசியமாகிறது. யாழ்ப்பாணத்தில் இருபத்தாறு வருடம் வீடுகளுக்கு வரைபடம் கீறிச் சீவித்தவன் நான். அதற்கென்று எந்தக் கல்லூரிக்கும் சென்றவனல்லன். கட்டட வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர் ஒருவரின் கந்தோரில் தேநீர் கொண்டுபோகும் வேலையிலிருந்து, மேசைமேல் விரித்திருந்ததைப் பார்த்துப் பார்த்துப் படித்தேன். இப்போது லுசேர்ண் ஹொட்டேல் ஒன்றில் கோப்பை கழுவுகிறேன். அவ்வூர் நூலகத்தில் ஒரு நாள் கட்டடக்கலைப் புத்தகம் ஒன்றைப் புரட்டியபோது லா ஷோ-து-ஃபோனின் வரைபடம் கண்ணிற்பட்டது. ரீ-ஸ்குவயர் வைத்துக் கீறியதுபோல் நேர்நேரான தெருக்கள். ஒரு நகரம் முழுவதையும் ஒரே மேசையில் வைத்துத் திட்டமிட்டிருக்கிறார்களே என்று வியந்து, ஒரு முறை போய்ப் பார்ப்பதென்று இரண்டு வருடமாக எண்ணியிருந்தேன். ஆனால் அன்று என்னை இழுத்துச் சென்றது அந்த ஆசையல்ல.

முதல் நாள், ஞாயிறு மாலை, ஹொட்டேல் சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த தொலைபேசி மணி அடித்தது. லா ஷோ-து-ஃபோனிலிருந்து தவராசா பேசினார். எங்கள் அயலூரைச் சேர்ந்தவர், வயது முப்பத்தேழு. மூன்று வருடமாக அவ்வூர்த் தொழிற்சாலை ஒன்றில் கைக்கடிகாரங்களின் உறையை மினுக்கும் வேலை செய்பவர்.

“அண்ணை, ஒரு பிழை செய்துபோட்டன்.”

“என்ன பிழை?”

“வீட்டுக்கு வெள்ளையடிச்சனான்.”

“அதிலை என்ன பிழை?”

“படிக்கட்டுக்கும் அடிச்சுப்போட்டன். வீட்டுக்கார மதாம் சகோதரி வீட்டை போயிருந்தவ. இண்டைக்கு மத்தியானம் வந்தவ. ஏசியிருந்தாலும் பரவாயில்லை அண்ணை, ஒரு சொல்லும் கதைக்கேல்லை. படியிலை குந்தி இருந்திட்டா.”

தொடர்ந்து அவர் சொன்னவற்றை வாசகர்களுக்கு விளங்கும்படி ஒழுங்குபடுத்தித் தருகிறேன். தவராசாவின் மனைவி சிவமலரும் ஆறு வயது மகளும் யாழ்ப்பாணத்தில் காத்திருந்தார்கள். அவருக்கு வதிவிட அனுமதி கிடைத்துவிட்டது. குடும்பத்தை அழைப்பதற்குப் போதிய அறைகளுள்ள வீட்டின் வாடகை ஒப்பந்தத்தைக் காட்டவேண்டும். பத்திரங்களைச் சித்திரை முடியுமுன் கொடுக்கவேண்டும். பதினொரு வீடுகளுக்கு அலைந்து, பத்தில் இல்லையென்ற பதில் கேட்டு, பதினோராவதாகக் கிடைத்தது இந்த வீடு. மனைவி பிள்ளை வரப்போகிறார்கள் என்ற மகிழ்ச்சியில், எங்கள் ஊரில் எவரும் செய்வதையே அவரும் செய்தார். கலியாணமானாலும், பிள்ளை பெற்றுத் தாய் வீடு திரும்பினாலும், கடல் கடந்து போனவர் வந்தாலும் எங்கள் வீடுகளுக்கு முதலில் வெள்ளை அடிப்போம். தன் அறைகளை அடித்து முடித்தவர், வருகிறவர்கள் ஏறிவரும் படி மட்டும் புகைபடிந்து கிடப்பதா என்று எண்ணி, சனிக்கிழமை விடியற்காலை தொடங்கிப் பொழுதுபடும்வரை படிக்கட்டுச் சுவரையும் வெள்ளையாக்கிவிட்டார். மதாமுக்கும் அது ஒரு உபகாரமாக இருக்குமென்று நம்பினாராம்.

“பிறகு எழும்பி, நாளைக்குப் பின்னேரம் அஞ்சு மணிக்கு அவவின்ரை மருமகன் வாறார் எண்டு மட்டும் சொல்லிப்போட்டுக் கதவைச் சாத்திப்போட்டா. வீட்டை விடச் சொல்லிக் கடிதம் எழுதத்தான் வாறார். கடிதம் வந்தா ஒப்பந்தம் போச்சு. அதோடை எல்லாம் போச்சு.”

“நான் வந்து என்ன செய்யிறது, தவராசா?”

“சுவர் விசயம் உங்களுக்குத்தானே அண்ணை தெரியும்.”

தலைமைச் சமையற்காரர் என்னையும் கடிகாரத்தையும் மாறிமாறிப் பார்த்தார். மறுநாள் என் ஓய்வு நாள். வருகிறேன் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.

காலை 7.45. ஒல்ரென் சந்தியில் இறங்கி வண்டி மாறினேன். நான் ஏறிய பெட்டியில் சீருடை அணிந்த இளைஞர் நால்வர் ஏறினார்கள். ஒவ்வொருவர் தோளிலும் துப்பாக்கி. இந்நாட்டு ஆண்கள் ஆண்டுதோறும் சில வாரம் படைப்பயிற்சிக்குச் செல்கிறார்கள் என்பதும், துப்பாக்கியைத் தம் வீட்டிலேயே வைத்திருக்கிறார்கள் என்பதும் நான் அறிந்தவையே. அறிந்திருந்தும் என் கை தானாகச் சட்டைப் பையிலிருந்த அடையாளப் பத்திரத்தை எடுத்து மடியில் வைத்தது. எதிரே அமர்ந்த இளைஞர் துப்பாக்கியைப் பொதிகள் வைக்கும் தட்டில் கிடத்திவிட்டு என் பையை உற்றுப் பார்த்தார்.

“சாலட் செய்யப் போகிறீர்களா?” என்று ஜெர்மன் மொழியில் கேட்டார். போத்தலின் மூடி இளகி வினாகிரி மணத்துக்கொண்டிருந்தது.

“இல்லை. சுவர் கழுவப் போகிறேன்.”

அவர் சிரித்துவிட்டுத் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு உறங்கினார். பத்திரத்தைத் திருப்பிப் பைக்குள் வைக்க எனக்கு வழியிலுள்ள சோலத்தூர்ன் நிலையம் வரை சென்றது.

காலை 8.50. பீல் நகரம். இங்கிருந்து லா ஷோ-து-ஃபோனுக்கு நாற்பத்துநான்கு கிலோமீற்றர். ஆனால் அறுநூறு மீற்றருக்குக் குறையாமல் மேலே ஏறவேண்டும். வண்டி ஒடுங்கிய பள்ளத்தாக்கில் நுழைந்ததும் வசந்தம் பின்னால் நின்றுவிட்டது. லுசேர்ணில் புல் முளைத்திருந்தது. இங்கே வேலிக் கட்டைகளின் தலை மட்டும் பனிக்கு வெளியே தெரிந்தது. கறுத்த ஊசியிலை மரங்கள் இருபுறமும் நெருங்கி நின்றன. நான் கடிகாரத்தைப் பார்ப்பதும் சுண்ணாம்பைப் பற்றி எண்ணுவதுமாக இருந்தேன். என்ன சுண்ணாம்பு, எதன்மேல் பூசினார், எத்தனை பூச்சு? தொலைபேசியில் கேட்க மறந்த கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன. கடையில் வாளியில் விற்கும் பிளாஸ்ரிக் கலந்த பூச்சாக இருந்தால், நான் அந்தப் பயணம் செய்வதில் எந்தப் பயனுமில்லை.

காலை 9.45. நீண்ட சுரங்கம் ஒன்றைக் கடந்து லா ஷோ-து-ஃபோன். கடல்மட்டத்துக்கு மேல் ஆயிரம் மீற்றர். தவராசா மேடையில் நின்றார். நகக்கண்களில் சுண்ணாம்பு; குளிரங்கியின் கையில் ஒரு நீலக் கீற்று.

“அண்ணை, பஸ் நிக்குது. ஏறுங்கோ.”

“நடந்து போனால் எவ்வளவு நேரம்?”

“இருவது நிமிசம்.”

“பஸ்ஸிலை?”

“எட்டு.”

“அந்தப் பன்னிரண்டு நிமிசத்தை எனக்குத் தாரும். ஊரைப் பாராமல் சுவரைப் பாக்கேலாது.”

“ஊர் உங்கை ஓடாது அண்ணை. வீடுதான் ஓடப்போகுது” என்று முறுமுறுத்தபடி என் பையை வாங்கிக்கொண்டு முன்னே நடந்தார்.

இந்நகரைக் காணச் செல்லும் அன்பர்கள் நிலையத்துக்கு எதிரேயுள்ள பெருந்தெருவில் பொழுதைக் கழிக்கவேண்டாம். வடக்கே மலைச்சரிவில் ஏறும் குறுக்குத் தெரு ஒன்றைப் பிடித்து, நான்கு ஐந்து நீளத் தெருக்களைக் கடந்து, அங்கே நின்று தெற்கு நோக்கித் திரும்பவேண்டும். நகரின் கணக்கு அப்போதுதான் விளங்கும். ஏறக்குறைய இருநூறு வருடங்களுக்கு முன் பழைய ஊர் தீயில் எரிந்துபோக, இப்படி நேர்கோடுகளில் மீண்டும் கட்டத் தொடங்கினார்களாம். முதலில் தெரு, அதன்மேல் நீண்ட வீட்டு வரிசை, வீட்டின் தெற்குப் பக்கம் தோட்டம், பிறகு அடுத்த தெரு. முன்வீட்டின் நிழல் பின்வீட்டின் யன்னலில் விழாத அளவுக்கு இடைவெளி. மாரியில் தெருவிலிருந்து வாரும் பனியைக் கொட்டுவதற்கும் அந்தத் தோட்டங்களே உதவுகின்றன; நான் சென்ற நாளில் அவை ஆள் உயரத்துக்கு நிரம்பியிருந்தன.

யன்னல்களைக் கவனியுங்கள். என் வரைபடத்தில் மூன்று யன்னல் வைக்கும் அகலத்தில் இங்கே ஒன்பது வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு யன்னலின் கீழும் ஒரு காலத்தில் ஒரு மேசை. மேசையில் ஒரு மனிதர், கண்ணில் பூதக்கண்ணாடியுடன் மணியளவு சக்கரங்களைப் பொருத்திக்கொண்டிருந்திருப்பார். நான் கீறிய வீடுகள் எல்லாவற்றிலும் என் வேலை வெயிலை வெளியே நிறுத்துவது. தாழ்வாரத்தை இறக்குவேன், விறாந்தையை அகட்டுவேன், மேற்குச் சுவரில் யன்னலைக் குறைப்பேன். இங்கே ஒரு நகரம் முழுவதும் வெயிலைப் பிடித்து வீட்டுக்குள் இழுப்பதற்காகவே கீறப்பட்டிருக்கிறது. இருபத்தாறு வருடத் தொழிலைத் தலைகீழாகத் திருப்பி என் முன் வைத்ததுபோல் இருந்தது.

“அண்ணை, பன்னிரண்டு நிமிசம் முடிஞ்சுது.”

“இன்னும் ஒன்று.” வெளிப்புறத்தை மட்டும் பார்த்துத் திரும்புவது இந்நகரில் தவறு. பெரும்பாலான வீடுகளின் தெருக்கதவு பகலில் பூட்டப்படுவதில்லை, தள்ளினால் திறக்கும். அமைதித் தெரு என்று பொருள்படும் ‘ரூ து லா பே’யில் ஒரு கதவைத் தள்ளி உள்ளே தலையை நீட்டினேன். கல்லாலான படிகள், மேலே வர்ணக் கண்ணாடி யன்னல், அதனூடு பச்சையும் மஞ்சளுமாக வெளிச்சம். இடுப்பளவு உயரத்துக்குச் சுவர் நெடுக, வரிசை வரிசையாக, ஊசியிலை மரக் கிளைகளும் காய்களும் அச்சு வைத்து எழுதியிருந்தார்கள். கிளையின் ஒவ்வொரு ஊசியும் தனிக்கோடு. காய்களில் பொன்தூள் மின்னியது. அந்த மலையில் நிற்கும் மரத்தையே எடுத்து, அளந்து, ஒழுங்குபடுத்திச் சுவரில் வைத்திருந்தார்கள்.

திரும்பித் தவராசாவைப் பார்த்தேன்.

“உங்கடை படிக்கட்டிலையும் இப்பிடித்தானோ?”

அவர் சுவரைப் பார்த்தார். “இவ்வளவு துலக்கமா இல்லை அண்ணை” என்றார். அதன்பின் இருவரும் ஓட்டமும் நடையுமாகச் சென்றோம்.

காலை 10.20. நான்கு தட்டு வீடு. தெருத்தட்டிலிருந்து இரண்டாம் மாடிவரை சுவர் தூய வெள்ளை. அதில் எங்களூர் வழக்கப்படி நீலச் சாயல். முதலாம் மாடியில் மதாமின் கதவு சாத்தியிருந்தது. நாங்கள் கடக்கும்போது உள்ளே ஒரு கதிரை நகர்ந்த சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை. தவராசா குடியிருக்கும் மூன்றாம் மாடிக்கு ஏறும் படிகளுக்கு வருமுன் பொழுதுபட்டுவிட்டதால் அங்கே பழைய சுவர் அப்படியே இருந்தது. நெருங்கிப் பார்த்தேன். நிலக்கரிப் புகையும் அழுக்கும் படிந்து, கறுப்பின்மேல் கறுப்பாக, அதே கிளை, அதே காய்.

“இது உமக்குப் படமாத் தெரியேல்லையோ?”

“மெய்யாத் தெரியேல்லை அண்ணை. இருட்டிலை வேலைக்குப் போறன், இருட்டிலை வாறன். கறைபிடிச்ச சுவர் எண்டுதான் நினைச்சனான்.”

“சரி. என்ன பூசினீர்? வாளியிலை விக்கிற பெயின்றோ?”

“அது விலை அண்ணை. தோட்டக்காரருக்குச் சாமான் விக்கிற கடையிலை சுண்ணாம்பு மூட்டை இருந்துது. மாட்டுக் கொட்டிலுக்கு அடிக்கிறது.”

“தண்ணியிலை நீத்துப் போட்டோ அடிச்சீர்?”

“ஓம். கஞ்சி வடிச்சு விட்டனான். நீலமும் கொஞ்சம்.”

“உப்பு?”

அவர் தலையைக் குனிந்தார். “உப்புப் போட மறந்துபோனன்.”

வாழ்நாளில் முதன்முறையாக ஒருவருடைய மறதிக்காக நான் மகிழ்ந்தேன். உப்புச் சேர்ந்தால் சுண்ணாம்பு இறுகிவிடும். கஞ்சி வெந்நீருக்கு இளகும். குளிர்ந்த படிக்கட்டில் சுண்ணாம்பு காய்வதும் மெல்லத்தான். பழைய ஓவியமோ எண்ணெய் வர்ணம், மேலே வார்னிஷ். பெருவிரல் நகத்தால் ஒரு மூலையைச் சுரண்டினேன். வெள்ளை பொடியாக உதிர்ந்தது; அடியில் ஒரு பச்சை ஊசி தெரிந்தது. தவராசா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

“நித்திரை கொள்ள நேரமில்லை. தண்ணியைச் சுடவையும்.”

முற்பகல் 11.00. கீழிருந்து மேலாகத் தொடங்கவேண்டும். மேலிருந்து கழுவினால் வழியும் சுண்ணாம்பு கீழே கோடுவிழுத்தும். ஆனால் தெருவாசலில் இரண்டு பூச்சு அடித்திருந்தார். அதனைக் கடைசிக்கு ஒதுக்கி, முதலாம் மாடியை ஆரம்பமாக வைத்தேன். ஒரு ஸ்பொஞ்ச் வெந்நீர், ஒன்று தெளிந்த நீர், ஒன்று உலர்ந்தது. தேய்க்கக்கூடாது, ஒற்றி ஒற்றி எடுக்கவேண்டும். தவராசா வாளிகளைத் தூக்கி மூன்று மாடி ஏறி இறங்கினார். ஒரு மணிக்குப் பத்துப் படி நீளச் சுவர் வெளியே வந்திருந்தது. அழுக்கும் சுண்ணாம்போடு சேர்ந்து போய்விட்டதால் கிளைகள் பக்கத்துத் தெருவிற் கண்டதைவிடத் துலக்கமாக இருந்தன. இரண்டரை மணிக்கு இரண்டாம் மாடிவரை முடிந்தது. பாணை நின்றபடி தின்றோம். எஞ்சியது தெருவாசலும் முதற்படிகளும். இரண்டரை மணித்தியாலம்.

வெந்நீருக்கு இரட்டைப் பூச்சு இளக மறுத்தது. மூன்று மணியாயிற்று, ஒரு படி நீளம்கூட முடியவில்லை. தவராசா கதவுக்கு வெளியே தெருவைப் பார்ப்பதும் வருவதுமாக இருந்தார்.

“அண்ணை, மருமகன் முந்தி வந்தாலும் வருவார்.”

“வந்தால் வரட்டும்.”

“வினாகிரி கொண்டந்தனீங்களல்லோ?”

வினாகிரி சுண்ணாம்பைக் கரைக்கும். கரைத்தபின் எங்கே நிற்கும் என்பதை முதலில் ஒரு மூலையில் சோதிக்கவேண்டும். என்னிடம் யாராவது அவ்வாறு ஒரு வேலையைக் கொண்டுவந்திருந்தால் நான் சொல்லியிருக்கக்கூடிய முதல் வார்த்தை அதுவே. அன்று சோதிக்கவில்லை. ஸ்பொஞ்சை நனைத்துச் சுவரில் வைத்தேன். வெள்ளை நுரைத்துப் பொங்கி இறங்கியது. கிளை தெரிந்தது, காய் தெரிந்தது, பொன் மின்னியது. நல்லது என்று மறுமுறை ஒற்றினேன். பொன் பச்சையாக மாறியது. என் கண்முன்னே அந்தக் காய் முழுவதும் கரைந்து ஸ்பொஞ்சில் வந்துவிட்டது. பொன்தூள் என்பது உண்மையில் பித்தளைத்தூள் என்று எனக்குத் தெரியாததல்ல.

சுவரில், உள்ளங்கையளவு இடத்தில், வெறும் சாம்பல் நிறம்.

அதுவரை பிழை தவராசாவினுடையது. அவர் அறியாமல் மூடினார், மூடியதைத் திறக்கலாம். நான் அறிந்துகொண்டே அழித்துவிட்டேன்.

தவராசா வாளியைக் கீழே வைத்தார். “ஒண்டுதானே அண்ணை, ஆருக்குத் தெரியப்போகுது” என்று மிக மெதுவாகச் சொன்னார்.

மேலே கதவு திறந்தது.

மதாம் படியிறங்கி வந்தார். எழுபது வயதைத் தாண்டியவர், மெலிந்தவர், சமையல் ஏப்ரன் கட்டியிருந்தார். கழுத்தில் நூலில் ஒரு சிறு பூதக்கண்ணாடி தொங்கியது. கழுவிய சுவரை விரல் படாமல் பார்த்துக்கொண்டே வந்தவர், தெருவாசலிலிருந்து ஏழாவது படிக்கு நேரே நின்று, அந்தச் சாம்பல் இடத்தைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த ஸ்பொஞ்சைப் பார்த்தார்.

எனக்குப் பிரெஞ்சு தெரியாது. மதாம் இளவயதில் பாசல் நகரில் வேலை செய்தபோது ஜெர்மன் கற்றதாகப் பின்னர் சொன்னார். அவருக்கும் எனக்கும் இரவல் மொழியான அதிலேதான் பேசினோம்.

“இதைச் செய்தது அவரா?”

“இல்லை. நான்.”

“சுவர் முழுவதையும்?”

“சுவரை மூடியது அவர். இதை அழித்தது நான்.”

அவர் படியில் அமர்ந்தார். நேற்றும் அதே படியில்தான் அமர்ந்தார் என்று தவராசா பின்னர் கூறினார். மதாம் அங்கிருந்தபடியே, “ஏன் மூடினார்?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை அதுவரை எவரும் கேட்கவில்லை. எவரும் விடை சொல்லவுமில்லை. தவராசாவின் தொழிற்சாலைப் பிரெஞ்சுக்கு அத்தனை தூரம் வரமுடியாது. நான் எனது சமையலறை ஜெர்மனில் சொன்னேன்: அவருடைய மனைவியும் மகளும் வரப்போகிறார்கள். எங்கள் நாட்டில் ஒருவர் வருகிறார் என்றால் வீட்டை வெள்ளையாக்குவோம். வெள்ளையில்லாத வீட்டுக்குள் அவர்களை அழைப்பது மரியாதையன்று. இந்தப் படத்தை அவர் கண்டிருக்கவில்லை.

மதாம் தவராசாவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தம் கதையைச் சில வாக்கியங்களில் முடித்தார். அவருடைய தகப்பனார் கடிகார உறையில் செதுக்குவேலை செய்தவர். ஒரு மாரிகாலம் முழுவதும் ஊரில் வேலையில்லை. கை மரத்துப்போகாமலிருக்க, வீட்டுப் படிக்கட்டில் இதை எழுதினார். வேலை திரும்பி வந்ததும் நிறுத்திவிட்டார். அதனால்தான் மேல் மாடியில் கடைசி மூன்று படிக்குக் காய்கள் இல்லை. மதாமும் நாற்பது வருடம் கடிகார முகங்களில் எண்கள் எழுதியவர்.

கோப்பை கழுவும் என் கைகளைத் துடைத்தேன். ட்ரேசிங் தாளை எடுத்து, பக்கத்திலிருந்த காயின்மேல் வைத்து, அதன் கோடுகளை எடுத்துக் காட்டினேன். இதை வைத்து மீண்டும் எழுதித் தருகிறேன் என்றேன். அவர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துத் தாளை ஆராய்ந்தார்.

“கோடு சுத்தம்” என்றார். “ஆனால் நீங்கள் தொடவேண்டாம்.” தாளை மடித்து ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டார்.

மாலை 5.00. மருமகன் ஒரு நிமிடமும் பிந்தாமல் வந்தார். கையில் தோல் உறை. பாதி வெள்ளையும் பாதி படமுமாக நின்ற வாசலையும், முழங்கால்வரை நனைந்து நின்ற எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு மதாமுடன் பிரெஞ்சில் பேசினார். பேச்சு நீண்டது. அவர் ஏழாவது படியைச் சுட்டிக்காட்டிக் குரலை உயர்த்தினார். தவராசா என் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன சொல்லுறார்?”

“சுவரைச் சரிசெய்ய ஆள் பிடிச்சா எவ்வளவு காசு முடியும் எண்டுறார். எங்களை இனி நம்பேலாதாம்.”

“அவ?”

“அவ சுவரைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறா.”

மருமகன் தோல் உறையிலிருந்து கடிதத்தை எடுத்தார். தட்டச்சில் அடித்து ஆயத்தமாகவே கொண்டுவந்திருந்தார். கையெழுத்து மட்டும் இல்லை. பேனையை நீட்டினார். மதாம் கடிதத்தை வாங்கி முழுவதும் வாசித்தார். பேனையை வாங்கவில்லை. கடிதத்தை நாலாக மடித்து, என் ட்ரேசிங் தாள் இருந்த அதே பையில் வைத்தார்.

பிறகு என்னிடம் ஜெர்மனில், “உயிர்த்த ஞாயிறுக்கு முன் வாசல் முடியவேண்டும். வினாகிரி இல்லாமல். அதன்பின் கையெழுத்தைப் பற்றி யோசிக்கிறேன்” என்றார்.

மாலை 6.05 வண்டியில் திரும்பினேன். கையெழுத்திடாத கடிதம் ஒன்று ஒரு பெண்மணியின் பையில் இருக்கிறது. அதற்கு மேல் எதையும் தவராசாவுக்கு ஆறுதலாகச் சொல்ல என்னால் முடியவில்லை. பீல் வரை நகத்துக்குள்ளிருந்த சுண்ணாம்பைத் தோண்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை அதே வண்டி, அதே ரிக்கற். வாசலில் ஏறியதும் முதலில் ஏழாவது படியைப் பார்த்தேன். சாம்பல் இடம் இல்லை. காய் இருந்த இடத்தில் காயின் உருவம், மயிரிழைபோன்ற கபிலக் கோடுகளில், செதிள் செதிளாக எழுதப்பட்டிருந்தது. செதிள்களுக்குள் பொன் இல்லை, வெள்ளை. இலேசான நீலச் சாயலுள்ள வெள்ளை.

“வியாழக்கிழமை வந்து, நீலம் போட்டு மிஞ்சின சுண்ணாம்பிலை ஒரு கரண்டி கேட்டவ, அண்ணை” என்றார் தவராசா. “மூட்டையை எறியச் சொல்லப்போறா எண்டு நடுங்கிப்போனன்.”

மதாம் எங்களை உள்ளே அழைத்துக் கோப்பி தந்தார். மேசையில் தூரிகைகளுக்குப் பக்கத்தில் ஒரு தாள் கிடந்தது. அதில் சின்னதும் பெரியதுமாகப் பதினேழு காய்கள். முதல் சிலவற்றின் கோடு நடுங்கியிருந்தது, பிந்தியவை நேராக ஓடின. கை பழகுவதற்காக எழுதிப் பார்த்தாராம். தாளைத் திருப்பினேன். மறுபக்கத்தில் தட்டச்சு எழுத்து. தவராசா எட்டிப் பார்த்துத் தம் பெயரை அடையாளம் கண்டார்.

“இனி இதை அனுப்பமுடியாது” என்றார் மதாம். “கோப்பி ஆறுகிறது.”

வாசல் முடிய மேலும் இரண்டு திங்கட்கிழமை எடுத்தது. ஒப்பந்தத்தின் பிரதியைத் தவராசா சித்திரையில் கொடுத்தார். சிவமலரும் மகளும் ஆவணி மாதம் வந்தார்கள். அவர்களை வரவேற்க நானும் சென்றிருந்தேன். தோட்டங்களில் பனி இருந்த இடத்தில் பீன்ஸ் கொடிகள் படர்ந்திருந்தன; யன்னல்கள் யாவும் திறந்திருந்தன; வெயில் நகரின் கணக்குப்படி ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் சென்றுகொண்டிருந்தது.

சிவமலர் கைப்பையுடன் வாசலில் நின்று, கறுத்த பச்சைக் கிளைகள் நெருங்கிய அந்தச் சுவரை மேலும் கீழும் பார்த்தார்.

“என்னப்பா, நாங்கள் வாறம் எண்டு தெரிஞ்சும் ஒரு வெள்ளை அடிக்கேல்லையோ?”

தவராசா இரண்டு பெட்டிகளையும் பிடித்தபடி என்னைப் பார்த்தார். மாடியில் நின்ற மதாம், என்ன சொல்கிறார் என்று கேட்டார். படிக்கட்டு அழகாயிருக்கிறதாம் என்று சொல்லியிருக்கலாம். நான் உள்ளபடி சொன்னேன்.

மதாம் சிரிக்கவில்லை. கைப்பிடியைப் பற்றி மெல்ல இறங்கி வந்தார். சிவமலரின் மணிக்கட்டைப் பிடித்து, ஏழாவது படிக்கு நேரே, இடது கைப் பக்கம், அவருடைய விரலை அந்த ஒரு வெள்ளைக் காயின்மேல் வைத்தார்.

சிவமலர் விரலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. பெருவிரலால் அதைத் தேய்த்துப் பார்த்துவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினார்.

“எப்பவும் போலை நீலத்தைக் கூடப் போட்டிட்டியள்” என்றார்.